இருட்டில் எண்ணிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ஓடுகிறது. திரை மட்டும் இருட்டாக இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். நான் சால்வையை இழுத்துப் போர்த்தி, விரல்களை அக்குளில் சொருகிக்கொண்டு, அந்தத் திரைக் கண்ணாடி எப்போது வெளுக்கும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

குன்னூருக்குக் கீழே சரிவில் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸ் அறை அது. ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, அந்த இடத்தை அட்டை வைத்து அடைத்திருந்தோம். அட்டையை மீறி மூடுபனி உள்ளே வரும். கூடவே பக்கத்துக் கட்டடத்தில் இலை அரைபடும் வாசனையும் வரும். பச்சையும் புளிப்புமாக அந்த வாசனை என் புடவைகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை.

திரை வெளுக்கும்போது டிக்டிக் நின்றுபோயிருக்கும். கண்ணாடியில் கம்பெனி பெயர் பச்சையாக நிற்கும். நான் விரல்களை வெளியே எடுத்து வேலையை ஆரம்பிப்பேன். அங்கே சேர்ந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான். அந்தச் சத்தம் எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன வாரம் நான் இங்கே எழுதிய, வெலிங்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் படித்துவிட்டு, "மாமியார் கதை போதும், வேலைக்குப் போன கதையை எழுதுங்கள்" என்று கோபியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். எழுதிவிட்டால் போகிறது. ஆனால் என் வேலையைப் பற்றி எழுத வேண்டுமானால் ரங்கசாமி அண்ணனைப் பற்றி எழுதாமல் முடியாது.

ஒரு டம்ளர் டீ

ரங்கசாமி அண்ணன் எங்கள் ஹெட் கிளார்க். அந்தியூர்ப் பக்கத்துக்காரர். இளவயசிலேயே மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்துபோய், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஃபேக்டரி கொடுத்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். இப்போது பர்லியாரில் மகள் வீட்டில் இருக்கிறார். மங்குஸ்தான் பழக் காலத்தில் யார் கையிலாவது ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவார்.

ஆபீஸில் எல்லாச் சட்டமும் அவர் போட்டதுதான். கம்ப்யூட்டருக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அணைத்தால் உடனே திரும்பப் போடக் கூடாது. ஒரு டம்ளர் டீயைச் சூடாக வாங்கி, நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஸ்டெபிலைசரின் சிவப்பு சுவிட்சைத் தொடலாம்.

காரணம் இருந்தது. ஒரு தடவை கரண்ட் போய் வந்தபோது இலை அரைக்கிற ரோலர் மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி, ஆபீஸில் இருந்த ஃபேக்ஸ் மிஷின் புகைந்து செத்துப்போனது. அன்றிலிருந்து கரண்ட் போனால் நான் முதலில் சிவப்பு சுவிட்சுக்குக் கையை நீட்டுவேன், அப்புறம் டீ டம்ளருக்கு. மற்ற ஆபீஸ்களில் கரண்ட் போனால் அரட்டை அடிப்பார்கள். நாங்கள் மிஷினுக்காக டீ குடித்தோம்.

எங்கள் திரைக்குத் தனியாக ஒயர் கிடையாது. கம்ப்யூட்டரின் முதுகிலிருந்தே கரண்ட் வாங்கும். பெட்டியைப் போட்டால்தான் திரைக்கு உயிர் வரும். குன்னூர்க் குளிரில் பழைய கண்ணாடி சூடேற நேரம் எடுக்கும். அதற்குள் பெட்டி தன் காலை வேலையை எல்லாம் முடித்துவிடும்.

பெரிய முதலாளி வாங்கியது

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது பெரிய முதலாளி. தேயிலைக்கு நல்ல காலம் இருந்தபோது வாங்கினார். அப்போது எதைத் தூளாக்கிச் சாக்கில் போட்டாலும் ஏலத்தில் போய்விடுமாம். அவர் எதையும் கை தாராளமாக வாங்குகிற மனுஷர். ஒரு சீலிங் ஃபேன்கூட வாங்கி வைத்திருந்தார். குன்னூரில் யாருக்கு ஐயா ஃபேன்? அது ஒரு நாளும் சுற்றியதில்லை, குருவிதான் கூடு கட்டியது.

கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை விற்ற கடை மூடிப்போனது. பெரிய முதலாளியும் காலமாகிவிட்டார்.

நான் சேர்ந்தபோது நல்ல காலம் முடிந்திருந்தது. பச்சை இலைக்கு விலையே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிலர் செடியை அப்படியே மரமாக வளர விட்டார்கள். எங்களைச் சுற்றி ஒவ்வொரு ஃபேக்டரியாகப் பூட்டு விழுந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் ஏறினார்கள். எங்கள் ஃபேக்டரியும் தினமும் ஓடுவதை நிறுத்திவிட்டு, இலை சேர்ந்தால் ஓடுவது என்று ஆனது.

ஈரக் கழிவு

ரங்கசாமி அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் விவசாயிகள் கொண்டுவரும் இலை நனைந்திருக்கும். தண்ணீரின் எடையைக் கழித்துத்தான் ஃபேக்டரி வாங்கும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எல்லா ஊரிலும் சண்டை.

எங்கள் ஃபேக்டரியில் அண்ணன்தான் கழிப்பார். சாக்குக்குள் முழங்கை வரை கையை விடுவார். ஒரு பிடி இலையை எடுத்துப் பிழிவார். ஒரு எண் சொல்வார். அவ்வளவுதான். கூடக் கழித்துவிட்டார் என்று விவசாயிகள் திட்டுவார்கள். குறைச்சலாகக் கழித்துவிட்டார் என்று முதலாளி திட்டுவார்.

"ரெண்டு பக்கமும் திட்டு விழுகுதுங்களே, உங்களுக்குக் கோபமே வராதுங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒரு பக்கம் திட்டு நின்னு போச்சுன்னாத்தானுங்க அம்மணி நான் பயப்படோணும்" என்றார்.

எனக்கு அப்படிப் பொறுமை கிடையாது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது சொல்கிற வாய் இது. என் வீட்டுக்காரர் வெலிங்டனில் மிலிட்டரி ஸ்டோரில் சிவிலியன் வேலை பார்த்தவர். அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகியதால்தான் என்னோடு குடும்பம் நடத்த முடிகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு நாற்காலி

சின்ன முதலாளி, பெரியவரின் மகன், கோயமுத்தூரில் இருந்தார். ஒரு நாள் காரில் ஏறி வந்து எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் இனி ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். புதிதாக ஒரு ப்ரோக்ராம் வாங்கியிருக்கிறார். இலைக் கணக்கு, சம்பளக் கணக்கு, ஏலக் கணக்கு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அது ஓடினால் அதை ஓட்ட நான் இருப்பேன். ஓடாவிட்டால் ப்ரோக்ராம் கோயமுத்தூரிலேயே இருக்கும். தினமும் இலை எடையை ஃபோனில் சொல்ல இங்கே ஒருவர் போதும், அது ரங்கசாமி அண்ணன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மூத்தவள் எட்டாவது, சின்னவள் ஐந்தாவது. அது ஒரு பக்கம். காலையில் பையை மாட்டிக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் அந்தச் சரிவில் இறங்குகிறேனே, அந்தக் கொஞ்ச தூரம் என்னுடையது. அது போனால் வேறு ஆபீஸ் எங்கே? சுற்றிலும் பூட்டுதான்.

அண்ணனுக்கோ வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, ஒரே ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

கார்த்தி வந்தான்

திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து ப்ரோக்ராம் கம்பெனிப் பையன் கார்த்தி வந்தான். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் வெளிறி வந்து உட்கார்ந்தான். அண்ணன் சுக்கு தட்டிப் போட்டு டீ கொடுத்தார்.

கார்த்தி ஏதோ கட்டளை அடித்தான். திரையில் ஒரு எண் வந்தது.

"ஏனுங்க்கா, இதுல மெமரி அறுநூத்தி நாப்பது கே தானுங்க. ஆயிரங் கே சேந்தாத்தான் ஒரு மெகா, அதுகூட இல்லீங்க. நம்ம ப்ரோக்ராமுக்கு ரெண்டு மெகாவாச்சும் வேணுமுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்ப, கீபோர்டில் மூன்று விரல்களால் மூன்று கட்டைகளை ஒன்றாக அமுக்கினான். திரை அணைந்து, உடனே கம்பெனி பெயரோடு வந்து நின்றது. "பாருங்க, ஒண்ணும் காட்டல" என்றான்.

"பொட்டியத் தொறந்து பாருங்க தம்பி" என்றேன்.

திறந்தான். உள்ளே தேயிலைத் தூசு மெத்தை மாதிரி கிடந்தது. ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டுத் திரும்ப மூடினான்.

"நான் படிச்சதெல்லாம் புது மாடலுங்க்கா. இதுல சிப்பு மேல எழுத்தே தெரியலீங்க. கை வெச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க."

புதிதாக மெமரி வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். இந்த மாடலுக்கு இனி எங்கேயும் கிடைக்காது என்றான். கிடைத்தாலும் சின்ன முதலாளி வாங்கித் தர மாட்டார். அந்தச் சமயத்தில் ஒரு பல்பு மாற்றவே கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சின்ன முதலாளி ஃபோன் செய்து கடைசியாக ஒரு தடவை கேட்பார் என்று சொல்லிவிட்டு, கார்த்தி மறுபடி வாந்தி எடுக்கப் போய்விட்டான். அண்ணன் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

அந்தச் சத்தம்

மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைகளைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்டிக்டிக். நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று முதுகு நிமிர்ந்தது.

நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில். அங்கேயும் போட்டவுடன் இதே சத்தம் வரும். ஆனால் அங்கே திரைக்குத் தனி ஒயர். முதலிலேயே வெளிச்சமாகி இருக்கும். சத்தம் வரும்போது மூலையில் எண்கள் ஓடும். கம்ப்யூட்டர் தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற சத்தம் அது! அங்கே சட்டென்று முடிந்துவிடும். எங்கள் பெட்டியோ, நான் மேஜையைத் துடைத்து பென்சில்களை அடுக்கி முடிக்கும்வரை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

அன்று சாயந்திரமே இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தத் தம்பி அடிச்ச கட்டளை முதல் அறுநூத்தி நாப்பதை மட்டுந்தானுங்க சொல்லும். முன்னறையை அளந்துட்டு இதுதான் ஊடுன்னு சொன்ன கதை. மூணு விரல் வெச்சு அமுக்குனா மிஷின் எண்ணாமயே தாவிரும். முழுசா அணைச்சுப் போட்டாத்தானுங்க எண்ணும்."

"அப்ப சத்தம் நெறைய நேரம் வந்தா மெமரி நெறைய இருக்குதுங்களா?"

"மிஷினே மெதுவா எண்ணுற மிஷினா இருந்தாலும் நேரமாகுமுங்க. கண்ணுல பாத்தாத்தான் ஆச்சு. திரை சூடா இருக்கறப்பவே அணைச்சு, உடனே போடுங்க. கண்ணாடி ஆறாம இருக்கும், எண் தெரிஞ்சிரும்."

உடனே போடுவதா? அண்ணன் சட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எங்கள் டீ டம்ளர்தான் இத்தனை காலமும் அந்த எண்ணை மறைத்து வைத்திருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

புதன்கிழமை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அது மட்டும் வேண்டாமுங்க அம்மணி. ஃபேக்ஸ் கெதி ஆயிருச்சுன்னா?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மிஷினுக்காகவா வேண்டாம் என்கிறார்? அறுநூற்று நாற்பது என்றே இருந்தால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியாதா? வாய் வரை வந்ததை எப்படியோ விழுங்கினேன். வியாழக்கிழமை முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் ஊற்றி வைத்த டீயைத் தொடவில்லை.

சிவப்பு சுவிட்ச்

வெள்ளிக்கிழமை நல்ல மழை. தகரக் கூரையில் அடிக்கிற அடியில் ரோலர் சத்தம்கூடக் கேட்கவில்லை. காலையிலிருந்து கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை நன்றாகச் சூடேறி வெளிச்சமாக இருந்தது. நான் ஃபோனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எடை போடும் இடத்திலிருந்து வந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"கொஞ்சம் நகருங்க அம்மணி."

நகர்ந்தேன். அவர் ஒரு நாளும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. குனிந்து சிவப்பு சுவிட்சின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணா, கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டா ரங்கசாமி கையில கெட்டுச்சுன்னு சொல்லிக்குங்க."

அணைத்தார். பெட்டியின் இரைச்சல் அடங்கியது. உடனே போட்டார்.

பெட்டி உறுமியது. புகை வாசனை வருகிறதா என்று மூக்கு தானாகவே தேடியது. ஆறாத கண்ணாடி சட்டென்று வெளுத்து, இடது மூலையில் வெள்ளையாக எண்கள் ஓட ஆரம்பித்தன. டிக்டிக்டிக்.

அண்ணன் எடை போடும் இடத்தில் சாக்குக்கு எடை சொல்கிற அதே குரலில் வாசித்தார். "முந்நூறு தாண்டிருச்சு. ஐநூறு. அறுநூத்தி நாப்பது..."

நிற்கவில்லை.

"ஆயிரம். ஆயிரத்தி ஐநூறு."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாயிரத்தைத் தாண்டியபோது, இரண்டு மெகா ஆகிவிட்டது, வேலை எனக்குத்தான் என்று உள்ளுக்குள் குதித்துவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் மட்டும் கண்ணெடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். மூவாயிரம். மூவாயிரத்தி ஐநூறு.

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் சத்தம் நின்றது. நாலு மெகா. கார்த்தி கேட்டதைப் போல இரண்டு மடங்கு.

"அடேங்கப்பா!" என்று அண்ணன் சிரித்தார். "பெரிய முதலாளி வாங்குன வாங்கப் பாருங்க. அந்த ஃபேனு மாதிரி இதுவும் சும்மாவே கெடந்திருக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "ஏனுங்கண்ணா? புதன்கிழமை வேண்டாம்னீங்களே?"

"அன்னைக்குப் பயந்துட்டனுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "மிஷினுக்கில்லீங்க. ரெண்டு நாளா உங்களாட்டமே நானும் உக்காந்து அந்தச் சத்தத்தக் கேட்டனுங்க. அது இருக்குதுன்னு சொல்லுது. நாம இல்லைன்னு சொல்லலாமுங்களா?"

"நீங்க எங்கீங்கண்ணா போவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது.

ஃபோன்

ஃபோனை எடுப்பது எப்போதும் நான்தான். அன்று என் கை எழும்பவில்லை. இரண்டாவது மணி, மூன்றாவது மணி. அண்ணன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்தார்.

மழைச் சத்தத்தில் அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசியது மட்டும் கேட்டது.

"வணக்கமுங்க, ரங்கசாமி பேசறனுங்க... ஆமாங்க, பாத்தாச்சுங்க... இல்லீங்க, அந்தத் தம்பி சொன்னது தப்புங்க. நாலு மெகா இருக்குதுங்க... ஆமாங்க, நாலு. எங் கண்ணால பாத்தனுங்க... ஓடுமுங்க. அம்மணி நல்லா ஓட்டுமுங்க."

அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிமிர்ந்து நின்றிருந்தார். நனைந்த சட்டைக் கையிலிருந்து என் மேஜை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சின்ன முதலாளி ஏதோ மெதுவாகக் கேட்டிருக்க வேண்டும்.

"தெரியுமுங்க" என்றார் அண்ணன். "தெரிஞ்சுதானுங்க சொல்றேன்."